கடைப்பந்திக் கணக்கு

சென்னையிலிருந்து மேற்கே பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போனால், கோயம்பேடு, மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். எந்த ஊர் எங்கே முடிகிறது, எந்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கரையான்சாவடியில் இறங்கி, ஆவடிக்குப் போகும் சாலையில் வடக்கே திரும்பி நடந்தால், பைபாஸ் சாலை குறுக்கிடும் பக்கத்தில் இருக்கிறது சென்னீர்குப்பம்.

குப்பம் என்றதும் ஓலைக் குடிசையையும் காயப்போட்ட வலையையும் மனத்தில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கடற்கரை இங்கிருந்து வெகு தூரம். பெங்களூருக்குப் போகிற லாரிகளின் இரைச்சல்தான் இந்த ஊரின் அலை ஓசை. மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் பூவிருந்தவல்லி வரை வரிசை பிடித்து நிற்கின்றன. மாடி வீடுகள், அடுக்கு மாடி வீடுகள், இரண்டுக்கும் நடுவே இன்னும் விற்காமல் தப்பித்திருக்கிற காலி மனைகள். இதுதான் ஊர்.

பிரயாணக் கட்டுரை என்றால் கோபுரமும் குளமும் வர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான். நான் போனது இவற்றையெல்லாம் பார்க்க அல்ல, சாப்பாட்டைப் பார்க்க. இன்னும் சரியாகச் சொன்னால், சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதுகிறவர்களைப் பார்க்க!

மாலை ஆறரை மணிக்கு ஆவடி சாலையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் எண்ணெய்ச் சட்டியில் மிளகாய் பஜ்ஜி மிதக்கிறது. இன்னொரு பக்கம் பரோட்டாக் கல்லில் ஒருவர் தாளம் போடுகிறார். பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறக்கிறபோது எழும் மணம் எதிர்ச் சாரியில் போகிறவனையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஃபிரைட் ரைஸ் வண்டியில் தீ ஓர் ஆள் உயரம் எழும்புகிறது. கடைக்குக் கடை முதுகில் பெரிய பையை மாட்டிய இளைஞர்கள், கையில் செல்போனுடன், பொட்டலத்துக்காகக் காத்து நிற்கிறார்கள். கடைக்கு வந்து சாப்பிடச் சோம்பல்படுகிற வீட்டுக்குக் கடையே நடந்து போகிற காலம் இது.

அந்தச் செல்போனில்தான் வேடிக்கை இருக்கிறது. "ஒரு பிரியாணி வாங்கினால் இன்னொன்று இலவசம்" என்று ஆசை காட்டுகிற செயலியும் அதற்குள்தான்; "இன்றைக்கு நீங்கள் சாப்பிட்டது போதும்" என்று எச்சரிக்கிற செயலியும் அதற்குள்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைச் செல்போனைப் போல் நேர்த்தியாகச் செய்ய வேறு யாராலும் முடியாது.

கிள்ளுகிற வேலையை எல்லாரும் அறிவோம். தொட்டில் ஆட்டுகிற வேலை என்ன? காலையில் சாப்பிட்ட இட்லி எத்தனை, சட்னி எவ்வளவு என்று செயலியில் குறிக்கிறீர்கள். இதில் இத்தனை கலோரி, இத்தனை கிராம் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என்று அது கூட்டிச் சொல்கிறது. சிலவற்றில் தட்டைப் படம் பிடித்துக் காட்டினாலே போதும். என்ன பண்டம் என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். தண்ணீர் குடித்தீர்களா, நடந்தீர்களா என்றும் கேட்கும். மாமியார் கேட்டால் கோபம் வரும் கேள்விகளை இயந்திரம் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறோம்!

குன்னூரில் பிறந்த கணக்கு

இந்தக் கணக்கு ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்திறங்கியது என்று நினைக்காதீர்கள். இதன் பூர்வீகம் நம் நீலகிரி.

1918-ஆம் ஆண்டில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் 'பெரிபெரி' என்ற நோயை ஆராயத் தொடங்கினார். தவிடு முழுவதும் நீங்கத் தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களை வாட்டிய நோய் அது. பிற்பாடு அவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவைத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் முதலிடத்தில் கொழுகொழுவென்று நின்றன. கடைசி இடம் யாருக்கு என்கிறீர்கள்? சென்னை மாகாணத்து அரிசிச் சோற்றைத் தின்ற எலிகளுக்குத்தான்! நம்மைப் பற்றி எலிகள் கொடுத்த அந்தச் சாட்சியத்தை இன்றுவரை நாம் முழுவதும் பொய்யாக்கிவிடவில்லை.

அவருக்குப் பின் அங்கே தலைமை வகித்த டாக்டர் அய்க்ராய்ட் 1937-இல், நம் நாட்டு உணவுப் பொருள்கள் ஒவ்வொன்றிலும் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று அட்டவணை போட்டு வெளியிட்டார். அந்த ஆராய்ச்சி நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் முதலானவர்கள் அட்டவணையைப் பெருக்கித் திருத்தினார்கள். 2017-இல் வந்த பதிப்பில் 528 உணவுப் பொருள்கள் இடம் பெற்றன. அந்த நிறுவனமே 2019-இல் 'நியூட்ரிஃபை இந்தியா நவ்' என்ற செயலியை வெளியிட்டது. குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய கணக்கு ஒரு நூற்றாண்டில் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்துவிட்டது!

தனியார் செயலிகளில் பெயர் பெற்ற ஒன்றின் கதையும் கேட்கத் தக்கது. 2011-இல், வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய துஷார் வசிஷ்ட், மாத்யூ செரியன் என்ற இரண்டு இளைஞர்கள், சாதாரண இந்தியனின் வருமானத்தில் வாழ்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். முதலில் நாளுக்கு 100 ரூபாய். பிறகு, கிராமத்து வறுமைக் கோடு என்று அரசாங்கம் அப்போது சொன்ன 26 ரூபாயில், கேரளத்தில் கறுகச்சால் என்ற ஊரில் சில நாள். எந்தப் பண்டத்தில் குறைந்த காசுக்கு அதிகச் சத்து கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தால்தான் வயிறு நிறையும் என்ற நிலை. அந்த துஷார் வசிஷ்ட் அடுத்த ஆண்டு பெங்களூரில் 'ஹெல்த்திஃபைமீ' செயலி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

கவனித்தீர்களா? குன்னூரானாலும் சரி, பெங்களூரானாலும் சரி, உணவுக் கணக்கு பிறந்தது பற்றாக்குறையில். நாம் அதை மிகுதியை அளக்க மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த வித்தியாசத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எச்சரித்தால் பலன் உண்டா?

"செல்போன் சொல்லி ஒருவன் வாயைக் கட்டுவானா?" என்று நீங்கள் கேட்கலாம். சென்னை டாக்டர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு வாசற்படி வரை வந்துவிட்ட, 35 முதல் 55 வயது வரை உள்ள 537 ஆண்களை டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்தார்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். எல்லாருக்கும் ஆரம்பத்தில் உணவைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும் புத்தி சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அதன் பிறகும் செல்போனில் சின்னச் சின்னச் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது; பெற்றவர்களில் 18 பேருக்குத்தான். இந்த முடிவு 2013-இல் வெளிவந்தது. படமும் இல்லை, கலோரிக் கணக்கும் இல்லை. நினைவூட்டல் ஒன்றுதான் இந்த வேலையைச் செய்தது.

நினைவூட்டல் எவ்வளவு அவசியம் என்பதற்கு இன்னொரு புள்ளி விவரம். சென்னை மதராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் சேர்ந்து நடத்திய ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் தெரியவந்தது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர்.

மூன்றாவது மாடியில்

சென்னீர்குப்பத்தில் ஓர் அடுக்கு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம். கணவருக்குத் திருமழிசைத் தொழிற்பேட்டையில் வேலை. மனைவி பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. கல்லூரியில் படிக்கும் மகள், பத்தாவது படிக்கும் மகன், எழுபது வயதுப் பாட்டி. தொழிற்சாலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் கணவருக்குச் சர்க்கரை எல்லையில் நிற்பதாகச் சொன்னார்கள். அன்று இரவே மகள் வீட்டார் செல்போன்களில் செயலியை ஏற்றிவிட்டாள்.

பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. "சோத்தை எண்ணினா கண்ணு படும்னு சொல்வாங்க. இவ அப்பன் தின்கிற தோசையை ஒவ்வொண்ணா எழுதறா" என்றார் என்னிடம்.

"அத்தை, நீங்க அரிசியை உழக்குல அளந்து போடலையா? அந்த மாதிரிதான் இதுவும்" என்றார் மருமகள். பாட்டி யோசித்தார். "உழக்கு ஒருத்தர் வயித்தையும் பார்த்து முறைக்காதே!" என்றார்.

சண்டை அங்கே இல்லை, அளவில்தான் வந்தது. செயலி "ஒரு கப்" என்கிறது. நம் வீட்டில் ஏது கப்? டம்ளர், கரண்டி, குழிக் கரண்டி, கிண்ணம். அதிலும் வீட்டுக்கு வீடு வேறு அளவு. மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல் தராசை வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுச் சோற்றுக் கரண்டியில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று எடை போட்டாள். எண்ணெய்க் கரண்டியையும் அளந்தாள். அதற்குப் பிறகுதான் கணக்குக்கு அர்த்தம் வந்தது. படம் பிடிக்கும் வித்தையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. "கத்தரிக்காய் வதக்கல் என்று கண்டுபிடிக்கும்; அது எவ்வளவு எண்ணெய் குடித்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரிதான். எண்ணெயில் கணக்குத் தவறினால் எல்லாமே தவறிவிடும்.

மூன்று மாதத்தில் கணவர் இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பொரியலில் இரண்டு கரண்டி கூட்டியிருந்தார். நான்கு வேளைக் காப்பி இரண்டாயிற்று. நாளைக்கு நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை மிச்சம். தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் 80 கலோரி. மகன் பையில் கடலை உருண்டை வந்து சேர்ந்தது.

"அம்மா கணக்கு எங்கே?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் காலியாக இருந்தது. "நான் என்ன தனியா சாப்பிடறேன்? இருக்கிறதைச் சாப்பிடறேன்" என்றார் அந்த அம்மாள், சிரித்துக்கொண்டே.

மகள் சிரிக்கவில்லை. ஏழு நாள் அம்மாவைப் பின்தொடர்ந்து அவளே எழுதினாள். அந்த வாரத்துக் கணக்கைப் பிறகு எனக்குக் காட்டினாள். காலையில் நின்றபடி ஒரு காப்பி. மகன் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை. பள்ளியில் டப்பா சாதம், முதல் நாள் மிஞ்சிய புளிக் குழம்புடன். மாலையில் காப்பி, இரண்டு பிஸ்கட். இரவு பத்தேகாலுக்குச் சட்டியின் அடியில் ஒட்டிய சோறு, ரசம், வீணாகக் கூடாதே என்று தின்ற மிச்ச அப்பளங்கள் நான்கு. பருப்பும் முட்டையும் கீரையும் மற்றவர் தட்டுகளில் தீர்ந்துவிட்டிருந்தன. கலோரி குறையவில்லை, புரதம் என்ற கட்டம் மட்டும் ஏழு நாளும் பாதிகூட நிரம்பவில்லை.

திருவேற்காட்டில் ஒரு நாயனார்

சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்திலேயே திருவேற்காடு. கருமாரியம்மனைத் தரிசிக்க நீங்கள் போயிருப்பீர்கள். அந்த ஊரில் வாழ்ந்தவர் மூர்க்க நாயனார். அடியார்களுக்கு அமுது படைப்பதே அவர் விரதம். கைப்பொருள் கரைந்த பிறகு, சூதாடிப் பொருள் சேர்த்தாவது விருந்தை நிறுத்தாமல் நடத்தியவர். அடியார்கள் எல்லாரும் உண்ட பிறகு, கடைப்பந்தியில்தான் அவர் உட்காருவார் என்று அவருடைய சரித்திரம் சொல்கிறது.

நாயனார் கடைப்பந்தியில் உண்டது பக்தி. அதற்காக அவரைத் தொழுகிறோம். நம் வீடுகளில் நாள்தோறும் கடைப்பந்தியில் உட்காருகிறவருக்குக் கோயிலும் இல்லை, குருபூஜையும் இல்லை. மிஞ்சினால் அதிகமாகவும், மிஞ்சாவிட்டால் குறைவாகவும் உண்பது அவர் வழக்கம். இது வெறும் உருக்கமான பேச்சு அல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அதே தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்த சோகை. மிகுதியும் பற்றாக்குறையும் ஒரே மாநிலத்தில், பல சமயம் ஒரே உடம்பில்! உணவுக் கணக்கு பற்றாக்குறையில் பிறந்தது என்று முன்பு சொன்னேனே, அது இப்போது நம் சமையலறைக்கே திரும்பி வந்திருக்கிறது.

செயலியின் பெரிய உபகாரம் கலோரி எண்ணுவது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. "இன்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அது கேட்கிறது. வீட்டில் எல்லாரையும் அப்படிக் கேட்கிற ஒருத்தியை, வேறு யாரும் கேட்காத கேள்வி அது.

மூன்றாவது மாடி வீட்டில் இப்போது ஒரு புது ஏற்பாடு. அம்மா பரிமாறுவதற்கு முன்பே அவருடைய பங்குப் பருப்பும் காயும் ஒரு கிண்ணத்தில் தனியாகப் போய்விடுகின்றன. பாட்டிதான் அந்தக் கிண்ணத்துக்குக் காவல். "யாரும் அதைத் தொடாதீங்க" என்று கூடத்திலிருந்தே அதட்டுகிறார். செயலியை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, கிண்ணத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

சென்னீர்குப்பம் வரை வர உங்களுக்கு நேரம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வீட்டிலேயே இதைத் தொடங்கலாம்.

முதலில் செயலி இல்லாமலே ஒரு கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுகிறவருக்கு ஒரு தட்டு வகுத்திருக்கிறது: தானியம் 250 கிராம், கீரையும் காய்களும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைக்கும் முன் உள்ள எடை. பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு எண்ணெய் மாதம் மூன்றரை லிட்டர் என்று ஆகிறது. உப்பு ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். நால்வருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், கடைப் பலகாரத்தில் வருவதும் இதில் அடக்கம். உங்கள் மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எண்ணெயும் உப்பும் எங்கே நிற்கின்றன என்று அதுவே சொல்லிவிடும்.

செயலி வைத்துக்கொள்வதானால் ஏழு நாள் மட்டும் ஒழுங்காக எழுதுங்கள். வார நாளும் ஞாயிறும் அதில் வர வேண்டும். வருஷம் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தால் சாப்பாட்டில் ருசி போய்விடும். சிலருக்கு மனமும் சஞ்சலப்படும். உங்கள் கரண்டியை ஒரு தரம் எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கலோரியைப் பார்த்துப் பயப்படுவதை விட, புரதமும் காய்கறியும் போதுமா என்று பாருங்கள்.

செயலி டாக்டர் அல்ல. கர்ப்பிணிகளும், இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அதன் பேச்சைக் கேட்டு உணவை மாற்றக் கூடாது. வளரும் பிள்ளைகளைக் கலோரி எண்ண வைப்பது வேண்டாத வேலை. இன்னொன்று: உங்கள் எடை, நோய், சாப்பாடு எல்லாம் அந்தரங்கம். பெயரும் பிறந்த தேதியும் தவிர வேறு என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பார்த்து, வேண்டாததை மறுத்துவிடுங்கள். பணம் கட்டினால்தான் பலன் என்று வற்புறுத்துகிற செயலியிடம் அவசரப்பட வேண்டாம். ஏழு நாள் எழுத ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் போதும்.

எதில் எழுதினாலும், முதல் வரியில் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவருடைய பெயரை எழுதுங்கள். அது உங்கள் பெயராகவே இருந்தால், கூச்சப்படாமல் எழுதுங்கள்.